சொல் விளக்கம்: பயங்கரவாதி

2015 ஆகஸ்ட் 31 அன்று இந்தியச் சட்ட ஆணையம் தன் 262-ஆவது அறிக்கையை அரசிடம் கொடுத்தது. மரண தண்டனையை நீக்கிவிடலாம் என்று பரிந்துரைத்த அந்த அறிக்கை, பயங்கரவாதக் குற்றங்களுக்கும் நாட்டுக்கு எதிராகப் போர் தொடுப்பதற்கும் மட்டும் விலக்கு வைத்தது. தண்டனையின் நோக்கங்களை வைத்துப் பார்த்தால் பயங்கரவாதத்தை மற்றக் குற்றங்களிலிருந்து பிரிக்கத் தக்க நியாயம் இல்லை என்று அதே அறிக்கை ஒப்புக்கொள்கிறது. பிறகு ஏன் விலக்கு? தேசப் பாதுகாப்பு குறித்த கவலை. 1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் யாகூப் மேமன் நாக்பூர் சிறையில் தூக்கிலிடப்பட்டு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகியிருந்த நேரம் அது.

அரசு அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. ஆனால் அறிக்கை எடுத்த நிலைதான் பொதுமக்களில் பலரும் எடுக்கும் நிலை: தூக்கு கூடாது, பயங்கரவாதிக்கு மட்டும் இருக்கட்டும். அப்படியானால் வாழ்வா சாவா என்பதை முடிவு செய்வது இந்த ஒரு சொல்தான். அது எங்கிருந்து வந்தது, எதைக் குறித்தது, இப்போது எதைக் குறிக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

பயம், பயங்கரம், வாதம் மூன்றும் வடமொழியிலிருந்து வந்தவை. பயங்கரம் என்றால் பயத்தை உண்டாக்குவது. வாதம் என்பது கொள்கை, கோட்பாடு. அதைப் பிடித்துக்கொண்டிருப்பவர் வாதி. பொதுவுடைமைவாதி, பிரிவினைவாதி போன்றவற்றில் வரும் அதே வாதி. (மூட்டில் வரும் வாதம் வேறு சொல், வடமொழியில் இரண்டுக்கும் எழுத்து வேறு, தமிழில் ஒன்றாகிவிட்டது.) நீதிமன்றத் தமிழில் வாதி என்றால் வழக்குத் தொடுத்தவர். பயங்கரவாதி மட்டும் எப்போதும் எதிர்க்கூண்டில்தான் நிற்கிறார்.

இந்த ‘வாதி’யால் ஒரு சிக்கல் உண்டு. திருடுபவரைத் திருட்டுவாதி என்பதில்லை. கொலை செய்தவர் கொலையாளி, கொலைவாதி ஆகமாட்டார். மற்றக் குற்றங்களில் செயலை வைத்துப் பெயர் சூட்டும் தமிழ், இங்கே மட்டும் ஒருவரது கொள்கையை வைத்துப் பெயர் சூட்டுகிறது. குற்றம் முடிந்த பிறகும் கொள்கை ஆளோடு ஒட்டிக்கொண்டே இருக்கும் அல்லவா? தண்டனைக் காலம் முடிந்து வெளியே வந்தவரை முன்னாள் பயங்கரவாதி என்று யாரும் எளிதில் எழுதிவிடுவதில்லை.

நாளிதழ்களில் இதற்கு மாற்றாகத் ‘தீவிரவாதி’ தாராளமாகப் புழங்குகிறது. தலைப்பில் பயங்கரவாதி, முதல் பத்தியில் தீவிரவாதி, கடைசி வரியில் மறுபடி பயங்கரவாதி என்று எழுதுவதை அன்றாடம் பார்க்கலாம். இரண்டும் ஒன்றல்ல. தீவிரம் என்றால் கடுமை, வேகம். 1907-இல் சூரத்தில் காங்கிரஸ் பிளந்தபோது திலகர் பக்கம் நின்றவர்களைத் தீவிரவாதிகள் என்றும், கோகலே பக்கம் நின்றவர்களை மிதவாதிகள் என்றும் நம் வரலாற்றுப் பாடநூல்கள் எழுதின. அந்தக் கணக்கில் வ.உ.சிதம்பரனாரும் பாரதியும் தீவிரவாதிகள். ஒருவர் தன் கொள்கையில் எவ்வளவு தூரம் போகிறார் என்பதைச் சொல்லும் சொல் அது. குண்டு வைத்தாரா இல்லையா என்பதைச் சொல்லாது. குண்டு வைத்தவரைக் குறிக்க அதைப் பயன்படுத்துவது அவருக்கும் சலுகை, வ.உ.சி.க்கும் அவமதிப்பு.

பயங்கரவாதம் என்ற சொல்லுருவாக்கத்துக்கு அடியில் இருப்பது ஐரோப்பியச் சொல். லத்தீனில் ‘டெர்ரேரே’ என்றால் அச்சுறுத்து. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793 செப்டம்பர் முதல் 1794 ஜூலை வரை ஆட்சி நடத்தியவர்கள் ‘டெர்ரர்’ என்பதைத் தங்கள் கொள்கையாகவே அறிவித்தார்கள். அச்சம் என்பது விரைவான, கடுமையான, வளைந்துகொடுக்காத நீதியே என்று அவர்களின் தலைவர்களில் ஒருவரான ரோபஸ்பியர் 1794 பிப்ரவரியில் பேசினார். தீர்ப்பெழுதிக் கொல்லப்பட்டவர்கள் மட்டும் சுமார் 17,000 பேர். ரோபஸ்பியரின் தலையும் கில்லட்டினில் உருண்ட பிறகு, அவருடைய ஆட்களை வசைபாட எதிரிகள் கண்டுபிடித்த சொல்தான் ‘டெர்ரரிஸ்ட்’. 1798-இல் பிரெஞ்சு அகாதெமியின் அகராதி ‘டெர்ரரிசம்’ என்ற சொல்லுக்குத் தந்த பொருளும் அச்ச ஆட்சிமுறை என்பதே.

கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டிய இடம் இது. இந்தச் சொல் பிறந்தபோது அதன் பொருள், மரண தண்டனையை அளவில்லாமல் வழங்கிய அரசு. தண்டனை பெற்றவரைக் குறிக்காமல் கொடுத்தவரைக் குறித்தது. இதே ரோபஸ்பியர் 1791 மே மாதம் பிரான்சின் அரசியல் நிர்ணய சபையில் மரண தண்டனையை ஒழிக்க வேண்டும் என்று வாதாடியவர் என்பது இன்னொரு வேடிக்கை. 19-ஆம் நூற்றாண்டில் ரஷ்யப் புரட்சிக் குழுக்கள் அமைச்சர்கள் மீதும் மன்னர் மீதும் வெடிகுண்டு வீசத் தொடங்கிய பிறகுதான் சொல் மெல்ல அரசிடமிருந்து கழன்று, அரசை எதிர்ப்பவர் மேல் போய் விழுந்தது.

தமிழிலும் இதே கதை உண்டு, இன்னும் பழையதாக. திருக்குறளின் 57-ஆவது அதிகாரத்தின் பெயர் ‘வெருவந்த செய்யாமை’. வெருவுதல் என்றால் அஞ்சுதல். வெருவந்த என்றால் அஞ்சும்படியானவை. யார் செய்யக் கூடாது? அரசன். ‘வெருவந்த செய்தொழுகும் வெங்கோல னாயின் ஒருவந்தம் ஒல்லைக் கெடும்’ என்கிறது 563-ஆவது குறள்: குடிகள் அஞ்சும்படி நடக்கும் கொடுங்கோலன் உறுதியாக, விரைவில் கெடுவான்.

மரண தண்டனையை ஆதரிப்பவர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டுவது இந்த அதிகாரத்தை அல்ல. இரண்டு அதிகாரங்களுக்கு முன்னால், செங்கோன்மையின் கடைசியில் வரும் 550-ஆவது குறளை. ‘கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்.’ கொடியவரைக் கொலையால் ஒறுப்பது பயிருக்குக் களை எடுப்பது போல. எடுத்துக்காட்டுவதில் தவறில்லை, குறள் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கொடியார் யார் என்று பரிமேலழகர் தருகிற பட்டியலையும் படிக்க வேண்டும்: தீ வைப்பவர், நஞ்சிடுபவர், கருவியால் கொல்பவர், கள்வர், வழிப்பறி செய்பவர், சூறையாடுபவர், பிறன் மனைவியை விரும்புபவர். முதல் மூன்றைக் கேட்டுத் தலையாட்டுகிறவர்களில் எத்தனை பேர் கடைசி ஒன்றுக்கும் தூக்குக் கேட்பார்கள்? ‘கொடியார்’ என்று ஒரு பெயரைப் போட்டுவிட்டால் அதற்குள் யார் யாரை அடைக்கலாம் என்பது உரையாசிரியர் கையில் போய்விடுகிறது. இன்றைக்கு உரையாசிரியர் இடத்தில் சட்டமும் காவல்துறையும் இருக்கின்றன.

இனி சட்டத்துக்கு வருவோம். உலக நாடுகள் பயங்கரவாதத்துக்கு ஒரு வரையறை எழுத முயன்றது 1937-இல். யூகோஸ்லாவிய மன்னர் அலெக்சாண்டர் மார்சேய் நகரில் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, ஐ.நா.வுக்கு முன்னோடியான நாடுகளின் சங்கம் கொண்டுவந்த ஒப்பந்தம் அது. ஏற்புறுதி அளித்த ஒரே நாடு அன்றைய பிரிட்டிஷ் இந்தியா. ஒப்பந்தம் நடைமுறைக்கே வரவில்லை. எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட முழுமையான வரையறை இன்றுவரை கிடையாது.

இந்தியாவில் 1985-இல் வந்த தடா, அதாவது பயங்கரவாத, சீர்குலைவுச் செயல்கள் தடுப்புச் சட்டம், வரையறுத்தது. (தடா என்றால் தமிழில் ஏற்கெனவே தடை என்று பொருள். சட்டத்தின் ஆங்கில முதலெழுத்துகள் அப்படி அமைந்தது தற்செயல்.) அரசை அச்சுறுத்தவோ மக்களிடையே பீதியை உண்டாக்கவோ வேண்டும் என்ற நோக்கத்தோடு வெடிகுண்டு, ஆயுதம் போன்றவற்றால் செய்யும் செயல் பயங்கரவாதச் செயல். இதில் உயிர்நாடி ‘நோக்கம்’ என்ற சொல். எத்தனை பேர் செத்தார்கள், செத்தவர் எவ்வளவு பெரியவர் என்பது வரையறைக்குள் வராது.

அது நடைமுறையில் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு கண்ணால் பார்த்திருக்கிறது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கில், 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது, மூவருக்கு ஆயுள் தண்டனை, நால்வருக்குத் தூக்கு. பலரும் கவனிக்காமல் விட்டது இன்னொன்று: தடா குற்றச்சாட்டு நிற்காது என்று அதே தீர்ப்பு சொன்னது. ராஜீவைக் கொல்வதுதான் சதியின் நோக்கம். அரசை அச்சுறுத்துவதோ மக்களிடையே பீதியைப் பரப்புவதோ நோக்கமென்று நிறுவப்படவில்லை. அதாவது அது கொலைச் சதி, சட்டத்தின் கணக்கில் பயங்கரவாதச் செயல் அன்று. ஆனால் தடாவின்கீழ் காவல்துறை அதிகாரியிடம் தந்த வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது. சாதாரணச் சட்டத்தில் அவை சாட்சியமாகவே ஏற்கப்பட மாட்டா. பயங்கரவாதம் என்ற பெயர் போனது, அந்தப் பெயரால் வந்த சாட்சியம் தங்கியது.

நால்வரில் நளினியின் தூக்கு முன்பே ஆயுளாகக் குறைக்கப்பட்டிருந்தது. மற்ற மூவருக்கும் 2011 செப்டம்பர் 9 அன்று தூக்கு என்று நாள் குறிக்கப்பட்டபோது தெருவில் நடந்த விவாதத்தில் இந்த நுட்பம் எங்கும் இல்லை. ஒரு தரப்புக்கு அவர்கள் பயங்கரவாதிகள். மறு தரப்புக்கு ‘மூவர்’, பின்னாளில் ‘எழுவர்’. உச்ச நீதிமன்றம் எழுதிவைத்திருந்த பெயரை இரு தரப்புமே சொல்லவில்லை. 2014 பிப்ரவரியில் கருணை மனுக்களை முடிவு செய்வதில் ஏற்பட்ட நீண்ட தாமதத்தைக் காட்டி உச்ச நீதிமன்றம் மூவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2022-இல் எழுவருமே வெளியே வந்தார்கள்.

அந்தத் தாமதம் என்ற காரணம் பயங்கரவாத வழக்குக்குப் பொருந்தாது என்று 2013 ஏப்ரலில், தடாவின்கீழ் தூக்கு விதிக்கப்பட்ட தேவிந்தர்பால் சிங் புல்லர் வழக்கில் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று சொல்லியிருந்தது. 2014 ஜனவரியில் பெரிய அமர்வு அதைத் தவறென்றது. தடா வழக்குகளை ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவைக்க நல்ல காரணம் இல்லை என்றது. அந்த ஒன்பது மாதங்களில் யாரைத் தூக்கிலிட்டிருந்தாலும், அவரைக் கொன்றது பாதி இந்தச் சொல்தான்.

குஜராத்தின் அக்சர்தாம் கோயில் தாக்குதல் வழக்கையும் சொல்லாமல் விட முடியாது. 2002-இல் நடந்த தாக்குதல். தடாவைப் போன்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவின்கீழ் தண்டிக்கப்பட்ட ஆறு பேரில் மூவருக்குத் தூக்கு, உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு பேரையுமே குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. நாடே மக்களவைத் தேர்தல் முடிவைப் பார்த்துக்கொண்டிருந்த நாள் என்பதால் செய்தி மூலையில் போனது. தண்டிக்கப்பட்ட பயங்கரவாதி என்பதும் மேல்முறையீடு முடியும்வரை தற்காலிகப் பெயரே.

பயங்கரவாதிக்குத் தூக்கு வேண்டும் என்பவர்களின் வாதத்தில் வலு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 1999 டிசம்பரில் விமானத்தைக் கடத்திக் காந்தகாரில் வைத்துக்கொண்டு, சிறையிலிருந்த மூவரை விடுவித்துச் சென்றார்கள். உயிரோடு வைத்திருக்கும் கைதி அடுத்த கடத்தலுக்குக் காரணமாவார் என்ற அச்சம் கற்பனை அன்று. 166 பேர் இறந்த 2008 மும்பை தாக்குதலில் உயிரோடு பிடிபட்ட கசாபின் குற்றத்தில் ஐயப்பட ஏதுமில்லை. ஆனால் தூக்கு அச்சத்தைத் தரும் என்பது மட்டும் இங்கே ஒட்டாது. ஸ்ரீபெரும்புதூரில் இடுப்பில் வெடிகுண்டைக் கட்டிக்கொண்டு வந்தவர், சாகும் முடிவோடு வந்தவர். அவரிடம் கயிற்றைக் காட்டி என்ன பயன்?

சரியான தமிழ் எது? அச்சுறுத்தல் போதாது, கடன் கொடுத்தவனும் அச்சுறுத்துவான். வன்முறையாளர் அளவுக்கு மீறி அகலம். வேர்ச்சொல்லாக வெருவு நன்றாகவே பொருந்துகிறது. அதற்கு உறவான வெருட்டு, அச்சமூட்டு என்ற பொருளில் ஈழத் தமிழில் இன்றும் உயிரோடு இருக்கிறது. வெருட்டுச் செயல் என்று எழுதினால் செயலும் நோக்கமும் இரண்டும் வந்துவிடும், வாதி கழன்றுகொள்ளும். ஆனால் பயங்கரவாதம் சட்டப் பெயர்களிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. இலங்கையின் 1979-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழில் பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றே வழங்குகிறது. அதை அகற்றப் போராடுவதைவிட, ஆளுக்குப் பெயர் சூட்டாமல் ‘பயங்கரவாதச் செயலுக்காகத் தண்டிக்கப்பட்டவர்’ என்று நீட்டி எழுதுவது மேல். இடம் பிடிக்கும்தான்.

அப்படி நீட்டி எழுதுவதற்கு 2019-க்குப் பிறகு இன்னொரு தேவையும் வந்திருக்கிறது. உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் அந்த ஆண்டு செய்த திருத்தத்தின்படி, அமைப்புகளை மட்டுமல்ல, தனிநபரையும் பயங்கரவாதி என்று மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கலாம். வழக்கோ தீர்ப்போ தேவையில்லை. முதல் அறிவிப்பில் மசூத் அசார், தாவூத் இப்ராகிம் உள்ளிட்ட நான்கு பெயர்கள் இருந்தன. நீதிமன்றம் தண்டித்தவரும் அரசிதழ் அறிவித்தவரும் தமிழில் இப்போது ஒரே பெயரோடுதான் இருக்கிறார்கள். ‘தண்டிக்கப்பட்ட’, ‘அறிவிக்கப்பட்ட’ என்ற அடைமொழிகளில் ஒன்றைச் சேர்க்காமல் எந்தச் செய்தியும் அச்சுக்குப் போகக் கூடாது.