டைப் சி கேபிள் எல்லாம் ஒண்ணு கிடையாது: உங்க கேபிள் எவ்ளோ பவர், எவ்ளோ ஸ்பீடு தாங்கும்னு கண்டுபிடிக்கிறது எப்படி?

லேப்டாப் சார்ஜரோட ஒரு தடியான டைப் சி கேபிள் வரும்ல, 100 வாட் அசால்ட்டா தாங்கும், அதையே ஒரு எஸ்எஸ்டில (வெளிய மாட்ற வேகமான ஸ்டோரேஜ் டிரைவ்) மாட்டி பெரிய வீடியோ ஃபைல் காப்பி பண்ணிப் பாருங்க, நகரவே நகராது. எஸ்எஸ்டி போச்சு போலன்னு தோணும், ஆனா எஸ்எஸ்டி நல்லாத்தான் இருக்கும். சார்ஜிங்குக்குன்னே செய்ற கேபிள்ல பெரும்பாலும் டேட்டாவுக்கு யுஎஸ்பி 2.0 தான், அதாவது 2000ல வந்த 480 எம்பிபிஎஸ் (செகண்டுக்கு 480 மெகாபிட்) ஸ்பீடு. பவர் ஒரு கணக்கு, டேட்டா வேற கணக்கு, ஒண்ண வச்சு இன்னொண்ண சொல்லவே முடியாது. இது மட்டும் மனசுல நின்னா பாதி குழப்பம் தீந்துடும்.

டைப் சி 2014ல வந்தப்பவே அந்த சின்ன வாய்க்குள்ள 24 பின்னுக்கு இடம் வச்சாங்க. கொஞ்சம் பவருக்கும் கிரவுண்டுக்கும், ஒரு ஜோடி பழைய யுஎஸ்பி 2.0 டேட்டாவுக்கு, நாலு ஜோடி ஹை ஸ்பீடு டேட்டாவுக்கு, அப்புறம் சிசின்னு ஒரு பின், ரெண்டு பக்கமும் பேசிக்கறதுக்கு. இதுல அந்த நாலு ஜோடிய போடாமலே கேபிள் செய்யலாம், ரூல்படியே அனுமதி இருக்கு, கம்பி குறைஞ்சா கேபிள் வளையும், செலவும் குறையும். ஐபோன் 15 பாக்ஸ்ல வர்ற கேபிளும் இந்த ரகம்தான், 15 ப்ரோ போன் 10 ஜிபிபிஎஸ் (செகண்டுக்கு 10 ஜிகாபிட்) வரைக்கும் போகும், ஆனா அதுக்கு நாம தனியா கேபிள் வாங்கணும்.

இத கண்ணாலயே ஓரளவு பாக்கலாம். போன் டார்ச்ச அடிச்சு பிளக்குக்குள்ள பாருங்க. யுஎஸ்பி 2.0 கேபிள்ல பல சமயம் ஓரத்துல இருக்கற பின்னுக்கு அடுத்து ரெண்டு பின் இருக்க வேண்டிய எடம் காலியா இருக்கும், ரெண்டு முனையிலயும் மேலயும் கீழயும் அப்படித்தான். எடம் காலின்னா ஹை ஸ்பீடு கிடையாது, சந்தேகமே வேணாம். ஆனா பின் எல்லாம் இருக்குன்னா உள்ள கம்பியும் இருக்குன்னு அர்த்தம் இல்ல, பிளக்க மட்டும் முழுசா போட்டு கம்பிய விட்டுடறவங்களும் இருக்காங்க. பழைய நீள்சதுர டைப் ஏ பக்கம்னா இன்னும் ஈஸி, முன்னாடி 4 பின் மட்டும் தெரிஞ்சா 2.0, அதுக்குப் பின்னால இன்னொரு 5 சின்ன பின் இருந்தா 3.0.

இப்ப பவர். ரெண்டு பக்கமும் டைப் சி இருக்கற, ரூல்படி செஞ்ச எந்த கேபிளும் 3 ஆம்பியர் தாங்கணும், 20 வோல்ட்டோட பெருக்கினா 60 வாட். அதுக்கு மேல போகணும்னா கேபிளுக்குள்ள இ-மார்க்கர்னு ஒரு குட்டி சிப் இருக்கணும். சார்ஜர் மாட்டினதும் சிசி கம்பி வழியா கேபிள் கிட்டயே கேக்கும், நீ எத்தன ஆம்பியர் தாங்குவன்னு. சிப் 5 ஆம்பியர்னு பதில் சொன்னா 100 வாட் வரைக்கும் தரும், 2021ல வந்த பவர் டெலிவரி 3.1ங்கற யுஎஸ்பி சார்ஜிங் ரூல் படி 48 வோல்ட்டுக்கும் தயார்னா 240 வாட் வரைக்கும். பதிலே வரலன்னா சார்ஜர் 3 ஆம்பியர தாண்டாது. அதனாலதான் 100 வாட் சார்ஜர் வாங்கியும் சாதா கேபிள்ல 60க்கு மேல ஏறாது, சார்ஜர்ல ஒரு கோளாறும் இல்ல. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும், தாங்காத கேபிள்ல கரண்ட்ட திணிச்சு சூடாக்காம இருக்கறதுக்குத்தான் இவ்ளோவும்.

ஒரு பக்கம் ஏ, ஒரு பக்கம் சி இருக்கற கேபிள்லதான் உஷாரா இருக்கணும். அதுல சிப்புக்குப் பதிலா 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு இருக்கணும், சாதா போர்ட் இது, அதிகமா இழுக்காதன்னு போனுக்கு சொல்றது அதுதான். அதுக்கு பதிலா 10 கிலோ ஓம் போட்டுட்டா போன் 3 ஆம்பியர் சார்ஜர்னு நம்பி இழுக்கும், மறுபக்கம் இருக்கற பழைய போர்ட் அடிவாங்கும். 2015ல கூகுள் இன்ஜினியர் பென்சன் லியுங் இப்படிப்பட்ட கேபிள்கள ஒவ்வொண்ணா வாங்கி டெஸ்ட் பண்ணி எழுதினதுக்கப்புறம்தான் நெறைய பேருக்கு இது தெரிய வந்துச்சு.

கம்பி தடிமனும் முக்கியம், குறிப்பா 5 வோல்ட்ல சார்ஜ் பண்றப்ப. 28 கேஜ் மெல்லிசு கம்பி, மீட்டருக்கு சுமார் 0.21 ஓம். ஒரு மீட்டர் கேபிள்ல கரண்ட் போய்ட்டு திரும்பி வரணும்ல, அப்ப 0.42 ஓம் ஆகுது, 2 ஆம்பியர் ஓடினா கிட்டத்தட்ட 0.85 வோல்ட் வழியிலயே காலி, போனுக்கு வர்றது 4.15 தான், போனும் உடனே இழுக்கறத குறைச்சுக்கும். அதே நீளத்துல 20 கேஜ் கம்பின்னா இழப்பு 0.13 வோல்ட் மட்டும்தான். நம்பர் சின்னதா இருந்தா கம்பி தடிமன், கேபிள் மேலயே சில சமயம் அச்சடிச்சிருப்பாங்க.

டேட்டா பக்கம் பேருலயே குழப்பம், 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 மூணும் அதே 5 ஜிபிபிஎஸ்தான். 2022ல யுஎஸ்பி ரூல், லோகோவ எல்லாம் பாத்துக்கற யுஎஸ்பி-ஐஎஃப் அமைப்பு இந்த வெர்ஷன் நம்பர எல்லாம் லோகோல இருந்து தூக்கிட்டு ஸ்பீடயும் வாட்டையும் நேரா போட சொல்லிட்டாங்க, பிளக் மேல 40 ஜிபிபிஎஸ், 240 வாட்னு ரெண்டும் இருந்தா வேற எதையும் தேட வேணாம். மின்னல் குறியோட 3, 4, 5ன்னு நம்பர் இருந்தா தண்டர்போல்ட், அதே டைப் சி வாய்ல ஓடற இன்டெலோட வேகமான கனெக்ஷன் முறை. உள்ள சிக்னல் பூஸ்ட் பண்ற சிப் இல்லாத கேபிள்ல 40 ஜிபிபிஎஸ் போகணும்னா நீளம் சுமார் 0.8 மீட்டர்தான், அதனால ரெண்டு மீட்டர் மெல்லிசு கேபிள் மேல 40னு போட்டிருந்தா எனக்கு நம்பிக்கை வராது.

ஒண்ணுமே அச்சடிக்கலன்னா மாட்டித்தான் பாக்கணும். வேகமான எஸ்எஸ்டிய சொருகிட்டு விண்டோஸ்ல யுஎஸ்பி ட்ரீ வியூ, மேக்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷன், எதுல வேணா பாக்கலாம், என்ன ஸ்பீடுல கனெக்ட் ஆச்சுன்னு காட்டும். இல்லன்னா 10 ஜிபி ஃபைல் ஒண்ண காப்பி பண்ணுங்க, செகண்டுக்கு 35, 40 எம்பிக்கு (இது மெகாபைட், 8 பிட் சேந்தா ஒரு பைட்) மேல ஏறலன்னா 2.0, 400 கிட்ட வந்தா 5 ஜிபிபிஎஸ். போர்ட்டும் எஸ்எஸ்டியும் வேகமானதுதானான்னு மட்டும் முன்னாடியே உறுதி பண்ணிக்கோங்க. எஸ்எஸ்டி லைட் எரியுது ஆனா டிரைவே தெரியலன்னா அது டேட்டா கம்பியே இல்லாத சார்ஜிங் கேபிளா இருக்கலாம்.

பவர பாக்க, சார்ஜருக்கும் போனுக்கும் நடுவுல மாட்ற யுஎஸ்பி மீட்டர் ஒண்ணு போதும், வோல்ட்டும் ஆம்பியரும் ஓடிட்டே இருக்கும். பேட்டரி நல்லா இறங்கியிருக்கறப்ப பாருங்க, 80 சதவீதத்துக்கு மேல போனே இழுக்கறத குறைச்சுடும், கேபிள் மேல தப்பு இருக்காது. ஒப்போ, ஒன்பிளஸ் மாதிரி போன்ல சூப்பர்வூக்ங்கற ஃபாஸ்ட் சார்ஜிங் ஸ்பீடுக்கு அவங்க கேபிளே வேணும், அது அவங்களோட தனி முறை, அங்க 240 வாட்னு போட்ட வேற நல்ல கேபிள மாட்டினாலும் ஸ்லோவாத்தான் ஏறும்.