அழைப்பிதழ் அச்சேறும் முன் பங்குத்தந்தையிடம் கேட்க வேண்டியவை

நாகர்கோவிலில் திருமண அழைப்பிதழ் அச்சிடும் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். கத்தோலிக்கக் குடும்பத்தார் கொண்டுவரும் மேட்டரில் (அச்சிட வேண்டிய வாசகத்தில்) நான் காணும் பிழைகளில் பெரும்பாலானவை எழுத்துப் பிழைகள் அல்ல. மூத்த மகனுக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் அடித்த கார்டை மேசையில் வைத்து, "பேரையும் தேதியையும் மட்டும் மாத்திப் போடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போவதில்தான் வினை தொடங்குகிறது. அந்தக் கார்டு அந்தத் திருமணத்துக்குச் சரியாக இருந்திருக்கும். இளையவனின் திருமணம் வேறு ஆலயத்திலும் வேறு வழிபாட்டு முறையிலும் நடக்கும்போது பழைய வாசகம் பொய்யாகிவிடும்.

அதிகமாகத் தவறுவது "திருமணத் திருப்பலி" என்ற சொல்லில்தான். மணமக்கள் இருவரும் கத்தோலிக்கராக இருந்தால் திருமணம் பெரும்பாலும் திருப்பலியோடு (பூசையோடு) சேர்ந்தே நடப்பதால், அச்சொல்லை யோசிக்காமல் போட்டுப் பழகிவிட்டோம். ஆனால் ஒருவர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற வேறு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவராக இருந்தால், கத்தோலிக்கருள் பெரும்பாலோர் பின்பற்றும் இலத்தீன் வழிபாட்டு முறைப்படி திருப்பலி இல்லாத சடங்கே பொது விதி. சூழ்நிலையைப் பொறுத்து ஆயரின் இசைவுடன் மட்டுமே திருப்பலி சேர்க்கப்படும். மற்றவர் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாதவர் என்றால் திருப்பலிக்கு இடமே இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலோரப் பங்கைச் சேர்ந்த குடும்பத்துக்கு அறுநூறு கார்டு அடித்துக் கொடுத்தேன். மணமகள் இந்துக் குடும்பத்துப் பெண் என்பதை அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பங்குத்தந்தை, அதாவது ஆலயத்தின் பொறுப்புக் குரு, கார்டைப் பார்த்த பிறகு, "திருமணத் திருப்பலி" என்று இருந்த இடத்தில் "திருமண வழிபாடு" என்று அச்சிட்ட சிறு துண்டுகளை ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து ஒட்டினோம். அன்றிலிருந்து, மணமக்கள் இருவரும் எந்தச் சபை என்று கேட்காமல் நான் மேட்டரைக் கையில் வாங்குவதில்லை. சிலர் முகம் சுளிக்கத்தான் செய்கிறார்கள்.

இதோடு ஒட்டியது "திருமணம் என்னும் அருட்சாதனம்" என்ற தொடர். திருமுழுக்குப் பெற்ற இருவருக்கிடையே நிகழும் திருமணத்தையே திருச்சபைச் சட்டம் அருட்சாதனம் (இறையருளைத் தரும் புனிதச் சடங்கு) என்கிறது. ஆகவே சி.எஸ்.ஐ. மணமகளுக்கு அந்தத் தொடர் பொருந்தும். ஆயரின் விலக்கு (சிறப்பு அனுமதி) பெற்று ஆலயத்தில் முறைப்படி நடக்கும் கத்தோலிக்க–இந்துத் திருமணத்துக்குப் பொருந்தாது. அங்கே "திருமணம்" என்ற ஒற்றைச் சொல்லே போதும். அது அத்திருமணத்தின் மதிப்பைச் சிறிதும் குறைப்பதில்லை. இரு வீட்டாரையும் சமாதானப்படுத்துவதற்காகக் காலையில் கத்தோலிக்க ஆலயத்திலும் மாலையில் மற்றச் சபையின் ஆலயத்திலும் திருமணம் என்று ஒரே கார்டில் போடச் சொல்வோரும் உண்டு. திருமண ஒப்புதலைக் கொடுக்கவோ புதுப்பிக்கவோ முன்னும் பின்னும் இன்னொரு சமயச் சடங்கு நடத்துவதைத் திருச்சபைச் சட்டம் தடுக்கிறது என்பதால், அப்படிப்பட்ட கார்டு பங்குத்தந்தையின் கையில் கிடைத்தால் அனுமதியே சிக்கலாகும். மாலை நிகழ்ச்சி வரவேற்பு மட்டும்தான் என்றால் வரவேற்பு என்றே எழுதிவிடுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய இன்னொரு கவனம் உண்டு. இங்கே கத்தோலிக்கர் என்றால் எல்லோரும் ஒரே வழிபாட்டு முறையினர் அல்லர். இலத்தீன் முறையில் 1930-இல் தோன்றிய கோட்டாறு மறைமாவட்டமும், 2014 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்த குழித்துறை மறைமாவட்டமும் இருக்க, 1996-இல் சீரோ மலங்கரை முறையில் மார்த்தாண்டமும் சீரோ மலபார் முறையில் தக்கலையும் மறைமாவட்டங்களாயின. மேற்குப் பகுதிப் பங்குகள் பலவற்றின் பழைய கார்டுகளில் இன்னும் "கோட்டாறு மறைமாவட்டம்" என்றே இருப்பதற்குக் காரணம் நகல் எடுப்பதுதான். மலங்கரை, மலபார் ஆகிய கீழை முறை ஆலயங்களில் வழிபாட்டைக் குறிக்கக் குர்பானா என்ற சொல் வழங்குகிறது. எதை அச்சிடுவது என்பதை அந்த ஆலயத்தின் குருவே சொல்லட்டும். மணமக்களில் ஒருவர் மலங்கரையோ மலபாரோ என்றால், உறவினரான திருத்தொண்டர் (குருவுக்கு அடுத்த நிலையில் உள்ள திருப்பணியாளர்) ஒருவரின் பெயரைத் "திருமணத்தை ஆசீர்வதிப்பவர்" என்று போடுவது பெரிய தவறாகிவிடும். இலத்தீன் மணமக்கள் இருவரின் திருமணத்தைத் திருத்தொண்டர் முன்னின்று நடத்தலாம். கீழை முறையினர் ஒருவர் இருந்தாலும் அருள்பணியாளர் (குரு)தான் நடத்த வேண்டும் என்று 2016-இல் சட்டம் தெளிவாக்கப்பட்டுவிட்டது.

குருவானவராகவே இருந்தாலும், வெளியூரில் பணி செய்யும் சித்தப்பாவின் பெயரைக் கார்டில் பெரிதாகப் போடுவதற்கு முன் திருமணம் நடக்கும் ஆலயத்தின் பங்குத்தந்தையின் அதிகாரமளிப்பைக் கேட்டுப் பெற்றாக வேண்டும். அது இல்லாமல் அவர் நடத்தும் திருமணம் செல்லாது. மரியாதைக் குறைவு என்று நினைத்துப் பலரும் இதைக் கடைசி வாரம் வரை தள்ளிப்போடுகிறார்கள்.

தேதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய வெள்ளியிலும் புனித சனியிலும் திருமணம் கிடையாது; தவக்காலத்தில் நம் ஊர்களில் பொதுவாக வைப்பதில்லை. மூன்று ஓலை (ஆலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசித்து முடியும் வரை காத்திருக்கச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆலயத்தில் தேதியை எழுதிக்கொடுத்த பிறகாவது வாருங்கள். கணினியில் கிடைக்கும் பொது மாதிரியிலிருந்து "சுபயோக சுபதினத்தில், கன்னி லக்னத்தில்" என்ற வரி கத்தோலிக்கக் கார்டுக்குள் வந்து புகுந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். "இறையருளால்" என்று தொடங்கி நாளையும் நேரத்தையும் நேராக எழுதினால் அழகாகவே இருக்கும்.

இறைவசனத்திலும் கலப்பு நேர்கிறது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமே இன்று நம் ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது. அதில் "தொடக்கநூல்", "திருப்பாடல்கள்" என்று இருப்பவை மற்றச் சபையினர் வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் "ஆதியாகமம்", "சங்கீதம்" ஆகும். வசனத்தை ஒன்றிலிருந்தும் நூலின் பெயரை மற்றொன்றிலிருந்தும் எடுத்துப் போட்ட கார்டு வாரத்துக்கு ஒன்றாவது வருகிறது. கலப்புத் திருமணத்தில் தோபித்து நூலிலிருந்து வசனம் எடுக்க விரும்பினால், மற்ற வீட்டாரின் வேதாகமத்தில் அந்த நூலே இருக்காது என்பதை நினைவில் கொள்வது நல்லது.

பெயர்களில் அவசரம் கூடாது. 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாள்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். பதிவின்போது அழைப்பிதழும் சான்றாகக் கேட்கப்படுகிறது. திருமுழுக்கு ஏட்டில் மரிய சூசை, ஆதாரில் மரிய ஜோசப், வீட்டில் வேறொரு செல்லப்பெயர் என்று இருக்கும் மணமகனுக்கு, ஆதாரில் உள்ள பெயரையே கார்டில் போடச் சொல்கிறேன். செல்லப்பெயரை வாழ்த்துப் பதாகையில் போட்டுக்கொள்ளலாம். தாத்தாவின் பெயருக்குப் பின்னால் சாதிப் பெயர் சேர்க்கச் சொல்பவர்களிடம் நான் தயங்காமல் ஒன்று சொல்வதுண்டு: நட்டாலத்தில் பிறந்த மறைசாட்சி தேவசகாயம் 15.5.2022 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டபோது, நாம் வழக்கமாகச் சேர்த்துச் சொல்லிவந்த "பிள்ளை" இல்லாமல்தான் அறிவிக்கப்பட்டார். அவர் பெயரைத் தலைப்பில் போடும் பழைய கார்டுகளில் அந்தப் பின்னொட்டும் புனிதர் நிலைக்கு முந்தைய நிலையைக் குறிக்கும் "முத்திப்பேறு பெற்ற" என்ற அடைமொழியும் அப்படியே இருக்கின்றன. இரண்டையும் எடுத்துவிட்டுப் "புனித தேவசகாயம்" என்று போட வேண்டும்.

இலக்கணம் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால் "திருவளர்செல்வன்", "திருநிறைசெல்வி" என்பவை வினைத்தொகை, இடையில் "ச்" வராது என்று திருத்துவார்; அவர் சொல்வதே சரி. அதே பெரியவர் "அருட்தந்தை" என்பதை "அருட்டந்தை" ஆக்கினால் மட்டும் "அருள்பணி" என்று மாற்றிச் சமாளித்துக்கொள்கிறேன். புரூஃபை நான் இப்போதெல்லாம் மூன்று படிகள் எடுத்துத் தருகிறேன்: மணமகன் வீட்டுக்கு ஒன்று, மணமகள் வீட்டுக்கு ஒன்று, பங்குத்தந்தைக்கு ஒன்று. மூன்றாவது படி கையெழுத்தோடு திரும்பி வந்த பிறகே அச்சுக்குப் போகிறது.