அதே எஞ்சின், குறைந்த பெட்ரோல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒட்டுக்கடை நடத்தும் அக்கா ஒருவர், போன வாரம் தே தாரிக்கை இழுத்து ஆற்றிக்கொண்டே கேட்டார். "மூணாம் ஃபாரம் படிக்கிறப்ப என் மக ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்ல முதலா வந்தா. இப்ப அஞ்சாம் ஃபாரம், பதினேழு வயசு. சின்னப் பிள்ளைங்கள்லாம் தாண்டிப் போகுதுங்க. வயசுக்கு வந்தா கால் கனத்துடும்னு எங்க பெரியம்மா சொல்றாங்க. எஸ்.பி.எம். பரீட்சை முடிஞ்சதும் நிறுத்திடச் சொல்லவா தம்பி?"

"வேண்டாங்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். டீ ஆறுவதற்குள் விளக்கி முடிக்கிற விஷயமில்லை.

பெரியம்மா பார்த்தது பாதி சரி. பருவ வயதில் பையன்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் தசையையும் ரத்தத்தில் ஹீமோகுளோபினையும் கூட்டிக்கொடுக்கிறது. பெண் பிள்ளைக்கு ஈஸ்ட்ரோஜன் இடுப்பை விரித்து, கொஞ்சம் கொழுப்பைச் சேர்த்து வைக்கிறது. இதயமும் நுரையீரலும் அதற்கு ஈடாக வளராமல் இருக்க, சுமக்க வேண்டிய எடை கூடுகிறது. இரண்டு மூன்று வருடம் நேரம் முன்னேறாது, சிலருக்குப் பின்னால்கூடப் போகும். இதெல்லாம் பள்ளிப் பாடம்தான். "அதோடு முடிந்தது" என்று பெரியம்மா வருகிற முடிவுதான் தப்பு.

ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்ததே 1984இல்தான். அதை வென்ற ஜோன் பெனாய்ட்டுக்கு அப்போது 27 வயது. 2008இல் பெய்ஜிங்கில் வென்ற ருமேனியாவின் கான்ஸ்டன்டினா டிட்டாவுக்கு 38. கென்யாவின் ஃபெய்த் கிப்யேகோன் 2018இல் மகளைப் பெற்றெடுத்தார். 1500 மீட்டர் உலகச் சாதனைகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. கடைசியாக 2025இல், 31 வயதில், 3 நிமிடம் 48.68 விநாடி. நீண்ட தூர ஓட்டத்தில் பெண்களின் நல்ல காலம் பெரும்பாலும் இருபதுகளின் பின்பாதியில் தொடங்கி முப்பதுகளுக்குள் நீள்கிறது. பதினேழு வயதில் அவர்களை எடைபோடுவது, நட்டு இரண்டு வருடமான ரப்பர் கன்றில் மங்கு கட்டிப் பால் எதிர்பார்ப்பது மாதிரி.

ஏன் இவ்வளவு தாமதம்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பிரிட்டனின் பாலா ராட்கிளிஃப் என்ற ஓட்டக்காரியைப் பதினெட்டு வயதிலிருந்து ஆண்ட்ரூ ஜோன்ஸ் என்ற உடலியல் அறிஞர் ஆய்வகத்தில் அளந்துகொண்டே வந்தார். உடல் உச்சகட்டமாக எவ்வளவு ஆக்சிஜன் எடுக்க முடியும் என்ற கணக்கு, அதாவது எஞ்சின் எத்தனை சிசி என்பது, 1992இல் நிமிடத்துக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 70 மில்லிலிட்டர். பதினோரு வருடம் கழித்து 2003இல், 29 வயதில், லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். அப்போதும் ஏறத்தாழ அதே 70தான்! எஞ்சின் பெரிதாகவில்லை. அப்புறம் எது மாறியது? அதே வேகத்தில் ஓட அவருக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன் சுமார் 15 சதவீதம் குறைந்திருந்தது. பழைய ஹோண்டா கப் மோட்டார் சைக்கிள் அதே எஞ்சினோடு, வருடா வருடம் குறைவான பெட்ரோலில் ஈப்போ போய்த் திரும்புகிற கதை.

அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் குதிகாலுக்கு மேலே, பின்பக்கம் விரல் வைத்துப் பாருங்கள். கயிறு மாதிரி விறைப்பாக ஒரு நாண் இருக்கும். கால் தரையில் படும்போது அது இழுபடுகிறது, எழும்பும்போது சுருங்கி உந்துகிறது. ஓர் அடி விழும்போது உடல் இழந்து திரும்பப் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 35 சதவீதத்தை இந்த நாணும், 17 சதவீதத்தைப் பாதத்தின் வளைவும் வாங்கி வைக்கின்றன என்று 1987இல் கணக்கிட்டார்கள். வாங்கியதில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் நாண் திருப்பித் தந்துவிடும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எங்கள் தாத்தா காலத்தில் ரப்பர் பாலை உறைய வைத்து, மிஷினில் உருட்டித் தகடாக்குவார்கள். அந்தப் பச்சைத் தகட்டை இழுத்துவிட்டால் மெத்தென்று நீளும், முழுதாகத் திரும்பாது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் இழைகளுக்கு நடுவே பாலங்கள் விழுந்து, இழுத்தது சுரீரென்று திரும்பும். நாணில் இருப்பது கொலாஜன் என்ற புரத இழை. அங்கே கந்தகத்துக்குப் பதில், தாமிரத்தை வைத்து வேலை செய்யும் ஒரு நொதி பாலம் போடுகிறது. வருடக்கணக்கில் பயிற்சி செய்யச் செய்ய நாண் விறைக்கிறது. கெண்டைத் தசையும் ஒரு வித்தை கற்றுக்கொள்கிறது: தான் நீண்டு சுருங்காமல் இறுக்கிப் பிடித்து நின்று, நீட்டிச் சுருக்கும் வேலையை நாணிடம் விட்டுவிடுகிறது. பிடித்து நிற்பதற்குச் செலவு குறைவு. ராட்கிளிஃபுக்கு வருடங்கள் போகப்போகக் குனிந்து கால்விரலைத் தொடும் நெகிழ்வு குறைந்தது, எம்பிக் குதிக்கும் உயரம் கூடியது. உடம்பு விறைப்பாகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டிய இடமில்லை இது.

இதில் இன்னொரு கூத்து உண்டு. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறி, பிறகு வருடா வருடம் இறங்கியது. அதனால் உடம்பின் ஒவ்வொரு திசுவிலும் அது உருவான வருடத்தின் முத்திரை கிடக்கிறது. டென்மார்க் ஆய்வாளர்கள் குதிகால் நாணின் உட்பகுதியில் அந்த முத்திரையைப் படித்து 2013இல் வெளியிட்டார்கள். அது வாழ்வின் முதல் 17 வருடங்களில் உருவானது, பிறகு கிட்டத்தட்டப் புதுப்பிக்கப்படுவதே இல்லை; பயிற்சி விறைப்பாக்குவதும் அந்தப் பழைய இழையைத்தான். அதாவது ஆயுளுக்கும் ஓடப்போகிற கயிற்றை அந்த அக்காவின் மகள் இப்போதுதான் திரித்து முடிக்கிறாள். இந்த நேரம் பார்த்தா பட்டினி போடுவது?

ஆனால் போடுகிறார்கள். என் கூடப்பிறந்த அக்கா படித்த பள்ளியில் பயிற்சியாளர் வாராவாரம் பெண்களை எடை மெஷினில் ஏற்றுவார். மாதவிலக்கு நின்றுபோனது என்று சொன்னதற்கு, "நல்லாப் பயிற்சி செய்றேன்னு அர்த்தம்" என்றாராம். பத்தொன்பது வயதில் அக்காவுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல். பெரியம்மாவின் மூடநம்பிக்கையைவிட விசில் மாட்டிய மூடநம்பிக்கை மோசம். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடியதைப் பார்த்து "தாங்க மாட்டார்கள்" என்று கோட்டு போட்ட அதிகாரிகள் எடுத்துவிட்ட அந்தப் பந்தயம், 1960 வரை திரும்பவே இல்லை.

கணக்கு எளிது. சாப்பிட்டதில் ஓட்டத்துக்குச் செலவானது போக மிஞ்சுவது, கொழுப்பு நீங்கலான உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 கலோரிக்குக் கீழே போனால், மூளை சினைப்பைக்கு அனுப்பும் ஹார்மோன் துடிப்பு ஐந்தே நாளில் தடுமாறுகிறது. 45 கிலோ பெண்ணுக்குக் கொழுப்பு போக 36 கிலோ என்று வையுங்கள். 1080 கலோரி. பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடினால் மேலும் 540 போல. 1600ஐத் தாண்டினால்தான் ஆபத்துக் கோட்டுக்கு மேலேயே வருகிறாள். நன்றாக இருக்க 2100க்கு மேல் வேண்டும். அந்தத் துடிப்பு தடுமாறினால் ஈஸ்ட்ரோஜன் குறையும்; அது குறைந்தால் எலும்பைத் தின்னும் செல்களுக்குக் கடிவாளம் இல்லை.

சரி, சாப்பிட்டு வளர்ந்தாள். அடுத்த சிக்கல் சம்பளம். அமெரிக்காவில் கல்லூரி அணியில் ஓடும் பெண் 22, 23 வயதில் வெளியே வருகிறாள். உதவித்தொகை, பயிற்சியாளர், மருத்துவர் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். ஷூ கம்பெனி ஒப்பந்தம் சிலருக்குத்தான். உச்சத்துக்கோ இன்னும் ஐந்தாறு வருடம் இருக்கிறது. கீரா டி'அமாட்டோ கல்லூரியில் ஓடி, கணுக்கால் காயத்தால் விட்டுவிட்டு, வீடு விற்கும் ஏஜெண்டாகி, இரண்டு பிள்ளை பெற்று, திரும்ப ஓடத் தொடங்கி, 2022இல் 37 வயதில் அமெரிக்க மாரத்தான் சாதனையை உடைத்தார். நடுவில் போனவர்களில் எத்தனை கீராக்களோ. இங்கே பல்கலைக்கழகம் வரைகூட வேண்டாம். எஸ்.பி.எம். எழுதியதும் ஃபேக்டரி வேலை, திடல் மறந்துபோகும். பதினைந்து வயதுக்காரிக்குக் கோப்பை வாங்கும் காசில் பாதியைப் பத்தொன்பது வயதுக்காரிகளின் எலும்பையும் ரத்த இரும்பையும் அளக்கச் செலவழிக்கலாம் என்பது என் கட்சி.

நேற்றுக் காலை கடைக்குப் போனேன். மகளுக்கு மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"தீபாவளிக்கு அப்புறம் இல்ல போல, தம்பி."

முதலில் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள், இரும்புச்சத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், பயிற்சி முடிந்த அரை மணிக்குள் ஒரு தட்டு சோறு என்று எழுதிக் கொடுத்தேன். அக்கா அந்தச் சீட்டைக் கல்லாவில் வைத்துவிட்டு, இரண்டு நாசி லெமாக் பொட்டலத்தை எடுத்து மகளின் பள்ளிப்பையில் திணித்தார்.