இரண்டு கேமராவும் ஒரே கணத்தில்தான் படம் எடுக்கிறதா?

ஸ்டீரியோ கேமரா (தூரத்தை அளக்கப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்திய இரண்டு கேமராக்கள்) வைத்துப் பொருள்களின் வேகத்தை அளக்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எத்தனை மெகாபிக்சல் வாங்கலாம் என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: இரண்டு ஷட்டரும் ஒரே கணத்தில் திறக்கிறதா? 'அதை சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும்' என்பார்கள். பார்த்துக்கொள்ளாது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கேமராக்களின் இடைவெளி 20 செ.மீ., லென்ஸின் குவியத் தூரம் பிக்சல் கணக்கில் 1000 என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் தள்ளி இருக்கும் பொருள் இரண்டு படங்களிலும் 20 பிக்சல் விலகித் தெரியும். அந்த விலகலை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறோம். பொருள் இடமிருந்து வலமாக மணிக்கு 36 கி.மீ. வேகத்தில், அதாவது வினாடிக்கு 10 மீட்டர் போகிறது. வலது கேமரா வெறும் 5 மில்லிவினாடி பிந்துகிறது. அதற்குள் பொருள் 5 செ.மீ. நகர்ந்துவிடும், படத்தில் 5 பிக்சல். விலகல் 15 ஆகிவிட, தூரம் 13.3 மீட்டர் என்று வரும். அதே பொருள் எதிர்த்திசையில் போனால் 8 மீட்டர்! இரண்டு ஷட்டரையும் ஒரே கணத்தில் திறக்கச் சொல்லும் ட்ரிகர் கம்பியால் இணைக்காமல், வினாடிக்கு 30 ஃபிரேம் வீதம் தனித்தனியாக ஓடும் இரண்டு கேமராக்களுக்குள் 16 மில்லிவினாடி வரைகூட வித்தியாசம் வரலாம்.

இதை மனிதக் கண்ணை வைத்து 1922-லேயே விளக்கியவர் ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் புல்ஃபிரிச். ஒரு கண்ணுக்கு மட்டும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, குறுக்காக ஆடும் ஊசலைப் பார்த்தால் அது நீள்வட்டத்தில் சுற்றுவதுபோலத் தெரியும். இருட்டான கண்ணின் செய்தி மூளைக்குச் சற்றுத் தாமதமாகப் போவதே காரணம். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது. தான் விளக்கிய காட்சியை அவரால் பார்க்க முடியவில்லை.

நல்ல பரிசோதனையும் இதிலேயே இருக்கிறது. கேமராக்களுக்கு முன்னால் ஒரு ஊசலைக் குறுக்காக ஆடவிடுங்கள். அளந்த பாதையை மேலிருந்து பார்ப்பதுபோல வரையுங்கள். கோடாக வந்தால் சரி. நீள்வட்டமாக விரிந்தால் ஷட்டர்கள் ஒத்துப்போகவில்லை.

அப்புறம், அசையாத பொருளுக்கும் வேகம் காட்டும் சிக்கல். மேலே சொன்ன அமைப்பில் விலகலை அளப்பதில் கால் பிக்சல் தவறினால், தூரத்தில் வரும் பிழை 2 மீட்டரில் 5 மி.மீ.தான், 10 மீட்டரில் 12.5 செ.மீ. தூரம் ஐந்து மடங்கானால் பிழை இருபத்தைந்து மடங்காகிறது. அடுத்தடுத்த ஃபிரேம்களைக் கழித்து வேகம் எடுத்தால், அந்த 12.5 செ.மீ.யை 30-ஆல் பெருக்கியாக வேண்டும். சும்மா நிற்கும் பெட்டி வினாடிக்கு 3.75 மீட்டர் வேகத்தில் பாய்வதாக எண் வந்து நிற்கும். மனிதர்களுக்குப் பக்கத்தில் வேலை செய்யும் ரோபோ இந்த எண்ணை நம்பினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குக் கவலையாக இருக்கிறது.

பல ஃபிரேம்களின் அளவுகளைச் சேர்த்து, அவற்றின் நடுவே ஒரு கோடு பொருத்தினால் இந்த ஆட்டம் அடங்கும். கேமராக்களின் இடைவெளியை இரட்டிப்பாக்கினால் பிழை பாதியாகும். ஆனால் ஷட்டர் தாமதம், ஒரே திசையில் போகும் பொருளுக்கு எப்போதும் ஒரே பக்கமாக இழுக்கும் பிழை. எத்தனை ஃபிரேம் சராசரி எடுத்தாலும் போகாது. அதனால் ட்ரிகர் கம்பியை முதலில் போடுங்கள், சராசரி எடுத்து ஆட்டத்தை வடிகட்டுவதைப் பிறகு பார்க்கலாம். கேமராவின் திருகு கொஞ்சம் தளர்ந்தாலும், யாராவது இடித்துவிட்டாலும், கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட பலகையைப் படம் எடுத்து, கேமராக்கள் இருக்கும் நிலையைக் கணக்கிடும் காலிபரேஷனை மறுபடி செய்துவிடுங்கள்.