முகூர்த்தம் பார்த்தீர்கள், மதுரையைப் பார்த்தீர்களா?

“நாள் குறிச்சாச்சு, மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. மத்ததை நீங்க பாத்துக்கங்க தம்பி.”

வெளிநாட்டிலிருந்தும் சென்னை, பெங்களூரிலிருந்தும் மதுரைக்கு வந்து கல்யாணம் நடத்த நினைக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் கல்யாண ஏற்பாடு செய்து தரும் எங்களிடம் வருகிறார்கள். எளிதில் மாற்ற முடியாத இரண்டையும் முடித்துவிட்டு வந்தால் நாங்கள் எதைப் பார்த்துக்கொள்வது?

ஒரு குடும்பத்துக்கு 2025 மே 11 மாலை வரவேற்பு. மண்டபம் அழகர்கோவில் சாலையில், விருந்தினர்கள் தங்கியது ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். அன்றுதான் தல்லாகுளத்தில் எதிர்சேவை, மலையிலிருந்து வரும் கள்ளழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கும் நாள். வேன்களைக் கோரிப்பாளையத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். பட்டுச்சேலையும் நகையுமாக, கைக்குழந்தையோடு, முழங்கால் வலிக்காரப் பாட்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அத்தனை கூட்டத்திலும் நடந்தே வந்தார்கள். போலீசைக் குறை சொல்ல வழியே இல்லை.

“போன வருஷம் ஏப்ரல் 23-லதான தம்பி அழகர் ஆத்துல இறங்குனாரு? அதான் மே மாசம் வச்சோம்” என்றார் பெண்ணின் அப்பா.

இதைக் கேட்காத வருஷமே இல்லை. அழகர் இங்கிலீஷ் தேதி பார்த்து ஆற்றில் இறங்குவதில்லை, சித்ரா பௌர்ணமி பார்த்து இறங்குகிறார். 2024-இல் அது ஏப்ரல் 23, 2025-இல் மே 12. அதுவும் அந்த ஒரு நாளோடு முடிகிற விஷயமா? சித்திரைத் திருவிழாவுக்கு மீனாட்சியம்மன் கோயிலில் கொடியேறி, பத்தாம் நாள் திருக்கல்யாணம், மறுநாள் மாசி வீதிகளில் தேர், பிறகு எதிர்சேவை, ஆற்றில் இறங்குதல், வண்டியூர், தேனூர் மண்டபம், தசாவதாரம், பூப்பல்லக்கு என்று அழகர் மலைக்குத் திரும்பும்வரை இரண்டு வாரத்துக்கும் மேல் ஊர் மீனாட்சிக்கும் அழகருக்கும்தான். லாட்ஜில் அறை கிடைக்காது, சமையல் ஆட்கள் கிடைப்பதும் கஷ்டம். ஜோசியர் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பொருந்துகிற நாளைச் சொல்வார். தல்லாகுளத்தில் அன்று வேன் போகுமா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. நல்ல முகூர்த்தம் என்பதாலேயே ஊர் காலியாக இருக்கும் என்று எப்படி நம்புகிறீர்கள்? ஜோசியரிடம் மூன்று நாள் கேட்டு வாங்குங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் மதுரையில் இருக்கும் யாரிடமாவது அந்த மூன்றையும் காட்டுங்கள்.

தை மாதத்துக்கும் இதே பேச்சுதான். தை முதல் மூன்று நாள் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு. அவனியாபுரம் விமான நிலையம் போகிற வழி.

அடுத்தது போட்டோ. தாலி கட்டியதும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஷூட் என்று திட்டத்தில் எழுதி அனுப்புகிறார்கள். 2018 தீ விபத்துக்குப் பிறகு உள்ளே செல்போனே கொண்டுபோக முடியாது, அப்புறம் எங்கே கேமரா? கோயிலுக்குச் சாமி கும்பிடப் போங்கள். திருமலை நாயக்கர் மகாலில் எடுக்க ஆசை என்றால் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். பெருங்குடிப் பக்கம் மண்டபம் பிடித்துவிட்டு டிரோன் கேட்காதீர்கள். விமான நிலையத்தைச் சுற்றி 5 கி.மீ. சிவப்பு மண்டலம், மத்திய அரசின் அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் வழக்கு வரும். திறந்தவெளி ரிசார்ட்டில் பாட்டும் ஆட்டமுமாகச் சங்கீத் வைப்பவர்கள் இரவு 10 மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்தியாக வேண்டும்.

மண்டப வாடகை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கரண்ட் பில்லும் ஜெனரேட்டர் டீசலும் யார் கணக்கு என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அன்று காலையே உட்கார்ந்து பதிவு செய்யுங்கள், பாண்டியன் எக்ஸ்பிரஸ் யாருக்காகவும் காத்திருக்காது.

கடைசியாக, தயவுசெய்து கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், அன்றிரவே விமானம் என்று டிக்கெட் போடாதீர்கள். திருமணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் அடுத்த 60 நாள் வரை கூடுதல் கட்டணம். அந்தச் சான்றிதழ் இல்லாமல் விசாவுக்குக் காத்திருக்கும் பெண்கள் எங்களுக்குப் போன் செய்து அழுகிறார்கள். அழைப்பிதழ், மண்டப ரசீது, பிறந்த தேதிச் சான்று, முகவரிச் சான்று, சாட்சிகள் எல்லாம் கையில் இருக்கட்டும். கல்யாணத்துக்குப் பிறகு சார்பதிவாளர் அலுவலகம் திறந்திருக்கும் இரண்டு நாளாவது மதுரையில் தங்குங்கள்.