மதிய வெயிலை மலையில் ஏற்றி வைப்பது

வீட்டு மொட்டைமாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியை யாரும் பேட்டரி என்று சொல்வதில்லை. கணக்குப் போட்டால் அதுவும் ஒரு பேட்டரிதான், ஆனால் சோப்ளாங்கி பேட்டரி. தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்தில் அந்த ஆயிரம் லிட்டர் நிற்பதால் அதில் தங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 27 வாட்-மணி. ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு மூன்று மணி நேரம் எரியும். இரண்டு செல்போன்களுக்கு முழுதாகச் சார்ஜ் ஏறாது.

அதே தொட்டியைக் கொண்டுபோய் ஆனைமலையில் வையுங்கள். அங்கே மேலே கடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு அணை, இரண்டுக்கும் நடுவே சுமார் 380 மீட்டர் உயர வித்தியாசம். அவ்வளவு உயரத்திலிருந்து குழாய் வழியாக இறங்கி டர்பைனைச் சுற்றினால் அந்த ஒரு தொட்டித் தண்ணீர் ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் தரும். நம் வீட்டு ஈ.பி. அட்டையில் ஏறுகிறதே, அதே யூனிட்தான், அதாவது 1,000 வாட்-மணி. மேட்டூர் அணை நிரம்பி 120 அடியில் நிற்கும்போதுகூட ஒரு யூனிட்டுக்கு இப்படிப் பத்துப் பன்னிரண்டு தொட்டித் தண்ணீர் வேண்டும். நீலகிரியில் 1932 முதல் ஓடும் பைக்காரா மின் நிலையத்துக்குத் தண்ணீர் விழுவது சுமார் 3,000 அடி. அங்கே ஒரு தொட்டியிலிருந்தே இரண்டு யூனிட்டுக்கு மேல் கிடைக்கும்.

நீர்மின்சாரத்தின் இயற்பியல் இவ்வளவுதான்: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரம், இரண்டையும் பெருக்க வேண்டும். உயரம் அதிகம், தண்ணீர் குறைவு என்றால் பெல்டன் சக்கரம். பைக்காராவில் பீய்ச்சியடிக்கும் நீர் கிண்ணம் கிண்ணமாக வைத்த சக்கரத்தை அறைந்து சுற்றுகிறது. உயரம் கொஞ்சம், தண்ணீர் ஏராளம் என்றால், மேட்டூருக்குக் கீழே காவிரிக் கதவணைகளில் இருப்பதைப் போல, ஆற்றோட்டத்துக்குள்ளேயே பதித்த குமிழ் வகை டர்பைன். நடுத்தர உயரத்துக்குப் பிரான்சிஸ் டர்பைன்.

பிரான்சிஸுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. தண்ணீர் வந்து அதைச் சுற்றினால் டர்பைன். மின்சாரம் கொடுத்து அதையே எதிர்த்திசையில் சுற்றினால் பம்பு. கூடவே இருக்கும் ஜெனரேட்டரும் அப்படியே மோட்டாராக மாறிவிடும். கடம்பாறையில் மலையைக் குடைந்து பூமிக்கடியில் வைத்திருக்கும் நான்கு 100 மெகாவாட் இயந்திரங்களும் இந்த ரகம்தான். 1987 முதல் 1989 வரை ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. நான்கும் முழுவீச்சில் உற்பத்தி செய்தால் நொடிக்கு ஏறக்குறைய 120 கன மீட்டர் நீர் இறங்கும் என்று மேற்சொன்ன உயரத்தை வைத்துக் கணக்கிடலாம். நமக்குப் பழகிய அளவில் சொன்னால் சுமார் 4,200 கன அடி. ஒரு நடுத்தர ஆற்றையே அரை நாள் கீழே இறக்கிவிட்டு, மீதி நாளில் மேலே ஏற்றும் வேலை. இதைத்தான் மின்வாரியத்தில் நீரேற்று மின் நிலையம் என்கிறார்கள்.

ஏற்றி இறக்குவதில் லாபம் என்ன? யூனிட் கணக்கில் பார்த்தால் நஷ்டம்தான். ஒரு தொட்டியை 380 மீட்டர் ஏற்றச் சுமார் 1.2 யூனிட் செலவாகும், இறக்கும்போது 0.93 யூனிட் அளவில் கிடைக்கும். குழாயின் உராய்வு, பம்பின் சுழல், மோட்டாரின் சூடு எல்லாம் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தின்றுவிடுகின்றன. லாபம் யூனிட்டில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. கடம்பாறையைக் கட்டிய காலத்தில் அனல், அணு மின் நிலையங்கள் ராத்திரியிலும் ஓடியாக வேண்டும். கொதிகலனை அடிக்கடி அணைத்து மூட்ட முடியாது. ஊர் தூங்கும்போது மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை ஏற்றி, மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் இறக்குவதுதான் அன்றைய யோசனை. இப்போது மிஞ்சுவது நண்பகலில். தமிழ்நாட்டில் காற்றாலைகள் மட்டுமே 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டன, சூரிய மின்சாரமும் அதைத் துரத்திக்கொண்டு வருகிறது. மதியம் ஒரு மணிக்கு வாங்க ஆளில்லாத மின்சாரத்துக்கு இரவு ஏழு மணிக்கு அடிதடி. மின்சாரச் சந்தையில் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டிருக்கிறார்கள். தேவை கூடும் மாலைகளில் விலை அந்தக் கூரையை முட்டும். மதியம் 2 ரூபாய்க்கு வாங்கி ஏற்றினால், இழப்பையும் சேர்த்து, மாலையில் கையில் இருக்கும் யூனிட்டின் அடக்கவிலை 2 ரூபாய் 60 காசுதான். கட்டுமானக் கடன் தனி, அதற்கு அப்புறம் வருவோம்.

நீர்மின்சாரச் சட்டதிட்டங்களைப் படித்தால் தலை சுற்றும் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான விதிகள் தானாகப் புரியும். ஒன்று, மேலே சொன்ன பெருக்கல் கணக்கு. இன்னொன்று, அந்தத் தண்ணீர் மின்வாரியத்துக்குச் சொந்தமில்லை என்பது.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 7ஆவது பிரிவின்படி, யார் வேண்டுமானாலும் உரிமம் இல்லாமல் மின் நிலையம் கட்டலாம். அடுத்த பிரிவிலேயே விலக்கு வந்துவிடுகிறது. நீர்மின் நிலையமாக இருந்து, செலவு குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால், மத்திய மின்சார ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் தருமுன் ஆணையம் இரண்டைப் பார்க்கும். குடிநீர், பாசனம், படகுப் போக்குவரத்து, வெள்ளத் தடுப்பு ஆகியவற்றுக்குக் குந்தகம் இல்லாமல் அந்த ஆற்றை முழுமையாகப் பயன்படுத்தும் வாய்ப்பை இந்தத் திட்டம் கெடுக்குமா? அணையின் வடிவமைப்பும் பாதுகாப்பும் சரியாக உள்ளனவா? நிலக்கரி நிலையத்துக்கு இந்தக் கேள்விகள் கிடையாது. ஒரு பள்ளத்தாக்கில் தவறான இடத்தில் அணை கட்டிவிட்டால் நூறு வருடத்துக்கு அந்த இடம் போனது போனதுதான். பாதுகாப்பு என்பதும் ஏட்டுச்சுரைக்காய் இல்லை. 2023 அக்டோபரில் சிக்கிமில் பனிப்பாறை ஏரி உடைந்து வந்த வெள்ளம், 1,200 மெகாவாட் தீஸ்தா-3 நிலையத்தின் அணையையே அடித்துக்கொண்டு போனது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2021இல், அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது.

மேட்டூரில் இந்த உரிமைப் பிரச்சினையைக் கண்ணால் பார்க்கலாம். அங்கே கதவைத் திறப்பது டெல்டா பாசனத்துக்காக; வழக்கமான தேதி ஜூன் 12. மின்சாரம் கூடவே கிடைக்கும் உபரி. கரண்ட் தேவைப்படுகிறதே என்று ஜனவரியில் யாரும் தண்ணீரை இஷ்டத்துக்கு இறக்க முடியாது. அரசியல் சாசனத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. மின்சாரம் பொதுப்பட்டியலில், தண்ணீர் மாநிலப் பட்டியலில், மாநிலங்களுக்கு இடையிலான ஆறுகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மத்தியப் பட்டியலில். 2023இல் இமாச்சலப் பிரதேசம் மின்சாரம் எடுக்கும் தண்ணீருக்கு வரி போட்டுச் சட்டம் கொண்டுவந்தது. ஒரே வருடத்தில், 2024 மார்ச்சில், அம்மாநில உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

சில விதிகள் மட்டும் இயற்பியலோடு ஒட்டாதவை. 2019 வரை 25 மெகாவாட்டும் அதற்குக் குறைவும் உள்ள நீர்மின் நிலையங்கள்தான் புதுப்பிக்கத்தக்கவை என்று கணக்கு. 26 மெகாவாட் என்றால் இல்லை. அதே ஆறு, அதே மழை. இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தண்ணீருக்குத் தெரியாது. 2019 மார்ச் 8ஆம் தேதி மத்திய மின் அமைச்சகம் பெரிய நிலையங்களையும் புதுப்பிக்கத்தக்க பட்டியலில் சேர்த்தது. இதற்குப் பண மதிப்பு உண்டு. மின் விநியோக நிறுவனங்கள் ஆண்டுதோறும் குறிப்பிட்ட சதவீதம் பசுமை மின்சாரம் வாங்கியாக வேண்டும். அந்தக் கட்டாயத்துக்குள் புதிய பெரிய நீர்மின் நிலையங்களும் வந்துவிட்டன.

அதே ஆணையில் இன்னொரு மாற்றம் இருந்தது. என் கணக்கில் அதுதான் முக்கியமானது. நீர்மின் நிலையத்துக்கு எரிபொருள் செலவே இல்லை; செலவெல்லாம் கட்டும்போதே முடிந்துவிடும். அணையும் சுரங்கமும் தலைமுறைகளுக்கு நிற்கும், வங்கிக் கடனையோ பத்துப் பதினைந்து வருடத்தில் அடைக்கச் சொல்வார்கள். பேரன் வரை குடியிருக்கப்போகிற வீட்டின் மொத்தக் கடனையும் முதல் வாடகைதாரரிடம் வசூலிப்பதைப் போல, ஆரம்ப வருடங்களில் யூனிட் விலை எகிறிவிடும். வாங்க ஆளிருக்காது. எனவே திட்டத்தின் ஆயுளை 40 வருடமாகவும், கடன் காலத்தை 18 வருடமாகவும் எடுத்துக்கொண்டு, தொடக்கத்தில் குறைந்த கட்டணம், பிறகு வருடத்துக்கு 2 சதவீதம் ஏற்றம் என்று மாற்றி அமைக்க வழி செய்தார்கள். மலைக்குப் போகும் சாலை, பாலம் போன்றவற்றுக்கு மத்திய அரசு பணம் தரும் ஏற்பாடும் அதில் இருந்தது. 2024 செப்டம்பரில் அந்த உதவியை 12,461 கோடி ரூபாய்க்கு விரிவாக்கி, மின்கடத்திப் பாதைகளையும் நீரேற்று நிலையங்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

நீரேற்று நிலையம் சட்டத்துக்கு ஒரு விநோதப் பிராணி. மதியம் பார்த்தால் நுகர்வோர், மாலையில் பார்த்தால் உற்பத்தியாளர். மோட்டார் போடும்போது தொழிற்சாலையிடம் வாங்குகிற கட்டணங்களை எல்லாம் வாங்கினால் அது பிழைக்காது. 2022 டிசம்பரில் திருத்திய மின்சார விதிகள் ஆற்றல் சேமிப்பை மின் அமைப்பின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொண்டு, உற்பத்தி, கடத்தல், விநியோகம் எதனுடனும் அது சேர்ந்திருக்கலாம் என்றன. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண விதியில் ஓர் எண் வருகிறது: 75 சதவீதம். ஒரு மாதத்தில் நீரேற்றச் செலவான மின்சாரத்தில் முக்கால் பங்காவது திரும்ப உற்பத்தியானால்தான் நிலையத்துக்கு அந்த மாதத்தின் நிலைக்கட்டணம் முழுதாகக் கிடைக்கும். மேலே நாம் போட்ட தொட்டிக் கணக்கில் 1.2 யூனிட்டுக்கு 0.93 திரும்பக் கிடைத்ததே, அது சுமார் 78 சதவீதம்; அதற்குக் கொஞ்சம் கீழே கோடு கிழித்திருக்கிறார்கள். இயந்திரத்தை ஒழுங்காகப் பராமரித்தால் தேறும், அசட்டையாக இருந்தால் காசு குறையும். அளந்து எழுதிய விதி.

இலவச மின்சார விஷயமும் இப்படித்தான். சாதாரண நீர்மின் நிலையம் தன் உற்பத்தியில் 12 சதவீதத்தை அணை இருக்கும் மாநிலத்துக்கு இலவசமாகத் தர வேண்டும், உள்ளூர் வளர்ச்சிக்கு இன்னொரு 1 சதவீதம். நீரேற்று நிலையமோ புதிதாக எதையும் உற்பத்தி செய்வதில்லை, வாங்கியதில் கால்பங்கு அளவுக்கு இழக்கவும் செய்கிறது. அதிலும் 12 சதவீதம் கேட்டால் எங்கே போவது? 2023 ஏப்ரலில் வந்த மத்திய வழிகாட்டுதல்கள் இந்தச் சுமையிலிருந்து அதற்கு விலக்கு அளித்தன. ஆற்றை விட்டு விலகிய இடங்களை நிறுவனங்களே கண்டுபிடித்துக் கொடுக்கவும் வழி திறந்தது. ஆறு இல்லாமல் நீர்மின் நிலையமா என்றால், ஆமாம். குன்றின் மேல் ஒரு குளம், அடிவாரத்தில் ஒரு குளம். ஒருமுறை நிரப்பிவிட்டு, பிறகு ஆவியாவதை மட்டும் ஈடுகட்டினால் போதும். ஆந்திரத்தில் பின்னாபுரத்தில் 1,680 மெகாவாட் திட்டம் இந்த வகைதான். மீன் இனங்களின் வழி அடைபடாது, கீழ்மடை விவசாயியோடு தகராறு வராது. நிலமும் கல்லும் உடையும், அது வேறு கதை.

புதிதாகக் கட்டுவதற்கு முன் ஏற்கெனவே இருப்பது எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. 2023இல் நாட்டில் இருந்த நீரேற்று நிலையங்களின் மொத்தத் திறன் சுமார் 4,745 மெகாவாட். அதில் நிஜமாகவே தண்ணீரை ஏற்றிக்கொண்டிருந்தது சுமார் 3,305 மெகாவாட் மட்டும். நர்மதையின் சர்தார் சரோவரில் 1,200 மெகாவாட் இயந்திரங்களுக்குப் பம்பு செய்யத் தெரியும். ஆனால் கீழே நீரைத் தேக்கித் தரும் ஏற்பாடு கூடிவராததால் அவை வெறும் டர்பைன்களாகவே சுற்றின. கிணறு இல்லாமல் மோட்டார் வாங்கி வைத்த கதை.

தமிழ்நாட்டு அமைச்சரவை 2024 ஆகஸ்டில் மூன்று கொள்கைகளுக்கு ஒப்புதல் அளித்தது: நீரேற்று நிலையங்களுக்கு ஒன்று, சிறு நீர்மின் நிலையங்களுக்கு ஒன்று, பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க ஒன்று. தனியார் உள்ளே வரும் கதவு இப்படித் திறந்திருக்கிறது. வாய்ப்பு எங்கே என்று கேட்டால், ஏற்கெனவே அணைகள் இருக்கும் இடங்களை முதலில் பாருங்கள் என்பேன். நீலகிரியில் குந்தா திட்டம் அப்படிப்பட்டது. மேலே போர்த்திமந்து, கீழே அவலாஞ்சி-எமரால்டு, இரண்டும் எப்போதோ கட்டிய நீர்த்தேக்கங்கள். நடுவே சுரங்கமும், பூமிக்கடியில் நான்கு 125 மெகாவாட் இயந்திரங்களும் மட்டும் புதிது. அதே நீலகிரியில் சில்லஹல்லாவில் 1,000 மெகாவாட்டுக்குப் போட்ட திட்டம் வேறு மாதிரி. அங்கே புதிதாக அணை கட்ட வேண்டும், விளைநிலம் மூழ்கும். உள்ளூர் விவசாயிகள் எதிர்க்கிறார்கள், எதிர்ப்பதில் நியாயமும் இருக்கிறது. காகிதத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், நீரேற்றுத் திட்டம்.

பேட்டரிகளின் விலை இறங்கிக்கொண்டே வருகிறது, அவற்றை இரண்டு வருடத்துக்குள் நிறுவிவிடலாம். மலையைக் குடைகிறவர்களுக்கு இது பெரிய போட்டி. அணை நாற்பது வருடத்துக்கு மேல் உழைக்கும், பேட்டரியை அதற்குள் இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும் என்பது இவர்கள் பக்க வாதம். அந்த வாதம் செல்லுபடியாக வேண்டுமானால் வேலை முடிய வேண்டும். குந்தாவுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது 2007இல். 2025 பிறந்தபோதும் அங்கே சுரங்க வேலை நடந்துகொண்டிருந்தது. அனுமதி கிடைத்த வருடம் தமிழ்நாட்டில் சொல்லிக்கொள்ளும்படியான சூரிய மின் நிலையம் ஒன்றுகூடக் கிடையாது. ராத்திரி மிச்சத்தை நம்பிக் காகிதத்தில் பிறந்த அந்த இயந்திரங்கள் ஓடத் தொடங்கும்போது, மோட்டார் போடப்போவது மதிய வெயிலில்.