டைவ் கம்ப்யூட்டரின் கணக்குத் தவறும்போது

கடலிலிருந்து ஏறிய பின் நன்னீரில் அலசித் துடைத்து மேசை மேல் வைத்திருந்த என் டைவ் கம்ப்யூட்டர் (எவ்வளவு நேரம் ஆழத்தில் இருக்கலாம், எப்படி மேலேற வேண்டும் என்று முக்குளிப்பவருக்குச் சொல்லும் மணிக்கட்டுக் கருவி), அன்று மாலை தானாகவே 1.4 மீட்டர் ஆழம் என்று காட்டி, முக்குளிப்பு நேரத்தையும் எண்ணிக்கொண்டிருந்தது. பேட்டரி புதியது, திரையில் கீறல் இல்லை, பொத்தான்கள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. உத்தரவாதக் காலம் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அன்று காலை இதே கருவியை நம்பித்தான் 28 மீட்டர் ஆழத்திலிருந்து மேலேறி வந்தேன் என்ற நினைப்பு, அதற்குள் என்ன நடக்கிறது என்பதை முழுதாகத் தெரிந்துகொள்ள வைத்தது.

முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, டைவ் கம்ப்யூட்டர் நம் உடலுக்குள் எதையும் அளப்பதில்லை என்பதே. இந்தக் கணக்குக்காக அது அளப்பவை அடிப்படையில் நீரின் அழுத்தம், நேரம், வெப்பநிலை ஆகிய மூன்றுதான். மற்ற அனைத்தும் இவற்றிலிருந்து போடப்படும் கணக்கு. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் கூடுவதால், மேற்பரப்பில் ஏற்கெனவே உள்ள 1 பாரையும் சேர்த்து, 30 மீட்டரில் நாம் சுவாசிக்கும் காற்று 4 பார் அழுத்தத்தில் இருக்கும். அதிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து சேரும். மேலேறும் வேகம் கூடிவிட்டால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் அது குமிழிகளாகப் பிரிந்து அழுத்தக் குறைவு நோயை உண்டாக்கும். உடலியல் ஆய்வாளர் ஜே. எஸ். ஹால்டேன் ஆடுகளை வைத்து ஆராய்ந்து 1908-இல் தம் சகாக்களுடன் வெளியிட்ட ஆய்வில், உடலை 5, 10, 20, 40, 75 நிமிட அரைநேரம் கொண்ட ஐந்து கற்பனைத் திசுக்களாகப் பிரித்தார். 5 நிமிடத் திசு, நிரம்ப வேண்டிய அளவில் பாதியை முதல் 5 நிமிடத்திலும், மீதியில் பாதியை அடுத்த 5 நிமிடத்திலும் எடுத்துக்கொள்ளும். பின்னர் சூரிச்சில் மருத்துவர் ஆல்பெர்ட் பியூல்மன் இதை 16 திசுக்களாக விரித்தார். இன்று பல கருவிகளில் ஓடுவது அவருடைய முறையோ அதன் வழித்தோன்றலோதான். சில வினாடிகளுக்கு ஒருமுறை அழுத்தத்தைப் படித்து, ஒவ்வொரு திசுவின் வரவு செலவையும் கருவி எழுதிக்கொண்டே போகிறது.

எனவே இது ஒரு பேரேடு. திரை அணைந்துபோனால் பேரேடு தொலைந்தது என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் அதில் தவறான எண் ஏறிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. செத்துப்போன கருவியைவிட, உயிரோடு இருந்து தவறாகச் சொல்லும் கருவிக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன்.

தவறான எண் பெரும்பாலும் அழுத்த சென்சாரிலிருந்து வருகிறது. மிக மெல்லிய சிலிக்கன் சவ்வின் மேல் பதித்த மின்தடைகள், சவ்வு வளையும்போது தம் மதிப்பை மாற்றிக்கொள்கின்றன; அந்த மாற்றமே ஆழமாகக் கணக்கிடப்படுகிறது. கடல்நீர் நேராகப் படாமல் இருக்கப் பல சென்சார்களில் சவ்வின் மேல் ஒரு மென்மையான ஜெல் பூசப்பட்டிருக்கும். சென்சார் துளையில் உப்புப் படிகம் அடைத்தாலோ, ஜெல் இறுகினாலோ, கூரான எதையாவது விட்டுச் சுரண்டினாலோ பூஜ்யப் புள்ளி நகர்ந்துவிடும். வெறும் 0.1 பார் பிழை, ஏறத்தாழ 1 மீட்டர் ஆழப் பிழை. உண்மையைவிடக் குறைந்த ஆழத்தைக் காட்டும் கருவி நைட்ரஜனையும் குறைத்தே எழுதும் என்பதால் அதுவே ஆபத்தான பக்கம். கடற்கரையில் நிற்கும்போதே கருவி மலை உயரத்தைக் காட்டினாலும், நீரைவிட்டு வந்தபின் ஆழம் பூஜ்யத்துக்கு வரத் தயங்கினாலும் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும்.

பேட்டரியின் கதை வேறு. லித்தியம் பேட்டரி பழையதாகும்போதும் குளிர்ந்த நீரிலும் அதன் உள் மின்தடை கூடும். மேலே நன்றாக இருப்பதாகக் காட்டிய பேட்டரி, ஆழத்தில் திரைவிளக்கும் அதிர்வு மோட்டாரும் ஒருசேர இயங்கும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து கருவியையே மறுதொடக்கம் செய்ய வைக்கலாம். சில மாதிரிகளில் பேட்டரியைக் கழற்றியதும் நைட்ரஜன் கணக்கே அழிந்துவிடும். காலையில் இருமுறை மூழ்கியவரை அது நாள் முழுக்கக் கரையில் இருந்தவராக எண்ணிக்கொள்ளும். அதனால் ஒரே நாளின் இரண்டு முக்குளிப்புகளுக்கு நடுவே பேட்டரி மாற்றுவதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை.

பேட்டரி அறையைக் காக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு: ஆழம் கூடக் கூடத்தான் கசியும் என்பது. உண்மையில் நீரின் அழுத்தமே வளையத்தை இடுக்குக்குள் தள்ளி அடைப்பை இறுக்குகிறது. அழுத்தம் குறைந்த சில மீட்டர் ஆழத்தில் வளையத்தின் சொந்த நெருக்கம் மட்டுமே துணை என்பதால், ஒற்றைத் தலைமுடி கிடந்தாலும் நீர் அங்கேயே நுழைந்துவிடும். நீர் புகுந்த கருவிக்குள் பேட்டரி வாயுவை உண்டாக்கியிருக்கலாம். முகத்துக்கு நேரே வைத்து மூடியைத் திறக்கக் கூடாது.

நீருக்கடியில் கருவி நின்றுவிட்டால் செய்ய வேண்டியது இந்தப் பேரேட்டு விளக்கத்திலிருந்தே வருகிறது. கணக்கு தொலைந்தபின் ஆழத்தில் தங்கும் ஒவ்வொரு நிமிடமும் எழுதப்படாத கடன். துணைவருக்குச் சைகை காட்டி முக்குளிப்பை முடித்துக்கொண்டு, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல், அதாவது ஒரு மீட்டருக்கு ஏழு வினாடி என்ற நிதானத்தில் ஏறி, 5 மீட்டரில் வழக்கமான 3 நிமிடத்தைவிடக் கூடுதலாக, காற்று இருப்பு இடம் தரும்வரை நிற்க வேண்டும். துணைவரின் கருவி ஏறும் வேகத்தையும் ஆழத்தையும் பார்க்க உதவும். ஆனால் அதிலுள்ள நைட்ரஜன் கணக்கு அவருடையது, நம்முடையது அன்று. நம்மைவிட மூன்று மீட்டர் மேலே நீந்தியிருந்தாலோ காலையில் ஒரு முக்குளிப்பைத் தவிர்த்திருந்தாலோ அவர் கணக்கு வேறாகிவிடும். அதே காரணத்தால், மாற்றுக் கருவி அணிபவர் அதை அன்றைய முதல் முக்குளிப்பிலிருந்தே அணிந்திருந்தால்தான் பயன். அது இல்லாதவர், பொதுவாகப் பின்பற்றப்படும் 24 மணி நேரம் நீரில் இறங்காமல் இருந்தால், திசுக்கள் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நைட்ரஜன் வெளியேறுவதற்காக மேலேறும் வழியில் நிற்க வேண்டிய கட்டாய நிறுத்தத்தைத் தவறவிட்டதால் பல கருவிகள் தம்மைப் பூட்டிக்கொள்வது பழுதன்று; அவை செய்ய வேண்டியதைச் செய்கின்றன.

இனி உத்தரவாதம் முடிந்த கருவி. தயாரிப்பாளருக்கு எழுதும் முன் ஆதாரம் திரட்டுவது நல்லது. நான் 5, 10, 20 மீட்டரில் நாடா கட்டிய எடைக்கயிற்றில் என் கருவியையும் நம்பகமான இன்னொன்றையும் சேர்த்துக் கட்டி, ஒவ்வோர் அளவாக இறக்கி எடுத்து, நினைவகத்திலிருந்த அதிகபட்ச ஆழத்தைக் குறித்துக்கொண்டேன். என்னுடையது 6.4, 11.5, 21.4 எனக் காட்டியது. மற்றது நாடாக்களோடு ஒத்துப்போயிற்று. பிழை எங்கும் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்ததால் நகர்ந்தது பூஜ்யப் புள்ளி; ஆழத்தோடு பிழையும் வளர்ந்திருந்தால் சென்சாரின் உணர்திறனே கெட்டிருக்கும். இந்த எண்களோடு வரிசை எண், மென்பொருள் பதிப்பு, வாங்கிய ரசீது, மேசை மேல் ஆழம் காட்டிய படம் ஆகியவற்றை அனுப்பினால், "பேட்டரியை மாற்றிப் பாருங்கள்" என்ற முதல் சுற்றுப் பதிலைத் தாண்டிவிடலாம்.

பாதுகாப்பு சார்ந்த திரும்பப்பெறுதல் அறிவிப்பு உண்டா என்பதையும் தேடிப் பார்க்க வேண்டும். அத்தகைய அறிவிப்புகள் உத்தரவாதக் காலத்தைப் பார்ப்பதில்லை. 1995-இல் தயாரான ஒரு நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் மிகுந்த சுவாசக் கலவை) மாதிரி, முக்குளிப்பவர் கரையில் இருக்கும்போதும் அந்தக் கலவையையே சுவாசிப்பதாகக் கொண்டு, நைட்ரஜன் உண்மையைவிட விரைவாக வெளியேறுவதாகக் கணக்கிட்டது. அது 2003-இல் திரும்பப் பெறப்பட்டது. அங்கே சென்சாரும் பேட்டரியும் சரியாகவே இருந்தன.

வார், பேட்டரி மூடி, திரைக்காப்பு போன்றவற்றை வெளியே மாற்றிக்கொள்வதில் தவறில்லை. சென்சாரையோ உள் அடைப்பையோ தொட்ட கருவியை மட்டும், அழுத்தக் கலத்தில் வைத்துப் பல ஆழங்களில் சோதித்த முடிவை எழுத்தில் தராத எவரிடமிருந்தும் திரும்ப வாங்கக் கூடாது. எனக்கு வந்த பதில், என் மாதிரிக்கான சென்சார் இனிக் கிடைக்காது, புதிய கருவியை விலை குறைத்துத் தருகிறோம் என்பது. வருத்தத்தோடு ஒப்புக்கொண்டேன். பழையது பேட்டரி கழற்றப்பட்டு, திரை மேல் கறுப்பு நாடா ஒட்டப்பட்டு அலமாரியில் இருக்கிறது. மறதியாகக்கூட அதை யாரும் மணிக்கட்டில் கட்டிவிடக் கூடாது என்பதற்காக.